கில்டூரன் வாசற்காவல்

இதைக் கற்பனை என்று எண்ணி வாசிக்கத் தொடங்குபவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கிர்ஸ்டீன் இன்றும் டண்டீ நகரில்தான் வேலை பார்க்கிறாள். அந்த மூன்று கணினி உருவங்களையும் அவள் அழிக்கவில்லை. கேட்டவர்களுக்குக் காட்டியும் இருக்கிறாள். பார்த்தவர்களில் சிலர் சிரித்தார்கள். சிலர் மூன்றாவதைப் பார்க்காமலே எழுந்து வெளியே போய்விட்டார்கள். அவள் யாருக்கும் விளக்கம் சொல்வதில்லை. நடந்ததை நடந்தபடியே வரிசையாகச் சொல்வாள். அந்த வரிசை மாறாமல் இங்கே எழுதப்படுகிறது.

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் கில்டூரன் என்றொரு மீனவ ஊர். பழைய வலைக்கிடங்கு ஒன்றில் அவ்வூரார் சிறிய அருங்காட்சியகம் நடத்தி வருகிறார்கள். ஊருக்கு வெளியே, கடலைப் பார்த்த மேட்டில், எழுநூறு ஆண்டுகளுக்கு முன் கட்டிய தேவாலயம் கூரையிழந்து நிற்கிறது. அதைச் சுற்றிக் கல்லறைத் தோட்டம். தோட்டத்தைச் சுற்றி மதில். மதிலுக்கு ஒரே ஓர் இரும்பு வாசல். இடிந்த அந்தத் தேவாலயத்தைக் கணினிக்குள் மறுபடியும் எழுப்புவது என்று அருங்காட்சியகத்தார் முடிவு செய்தார்கள். கண்ணில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டால் போதும். பள்ளிப் பிள்ளைகள் அந்த வாசல் வழியே நுழைந்து, கூரையும் மெழுகுவத்திகளும் துறவிகளின் பாட்டும் திரும்பி வந்த பழைய காலத்துக்குள் நடந்து போகலாம். அந்த வேலைக்காக ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்தவள் கிர்ஸ்டீன். முப்பத்தொரு வயது. பேய் பிசாசு என்றால் சிரிப்பவள்.

வேலை செய்யும் முறை எளியது. ஓர் இடத்தை எல்லாக் கோணங்களிலிருந்தும் சுற்றிச் சுற்றி நூற்றுக்கணக்கில் புகைப்படம் எடுக்க வேண்டும். கணினி அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடும். எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் அசையாமல் இருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு, கல்லுக்குக் கல் வைத்தாற்போல் உருவம் கட்டும். இடையில் நடந்து போனவர், பறந்த கடற்காகம், காற்றில் ஆடிய புல் ஆகியவை தாமே மறைந்துவிடும். நகர்ந்தது நிலைக்காது. அசையாதது மட்டுமே நிற்கும்.

இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நவம்பர் மாதம். அந்த ஊரில் அப்போது மூன்றரை மணிக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கும். தேநீர் ஆறுவதற்குள் இருட்டிவிடும். கிர்ஸ்டீன் தொடர்ந்து மூன்று நாள் மேட்டுக்குப் போய்ப் படம் எடுத்தாள். மூன்று நாளும் தோட்டத்தில் அவளைத் தவிர ஒருவரும் இல்லை. கீழே கடலின் இரைச்சல். ஈரப் புல்லின் வாடை. ஒன்று மட்டும் சற்றே உறுத்தியது. வெளிச்சம் போகும் வேளையில், வாசலின் இரும்புத் தாழ்ப்பாளை யாரோ தூக்கும் ஓசை கேட்கும்.

டக்...

தூக்கிய தாழ்ப்பாள் விழ வேண்டும் அல்லவா? விழும் ஓசை கேட்காது. யாரோ தூக்கிப் பிடித்துக்கொண்டே நிற்பதுபோல் இருக்கும். திரும்பிப் பார்த்தால் தாழ்ப்பாள் தன் இடத்தில்தான் கிடக்கும்.

துருப்பிடித்த இரும்பு, குளிரில் சுருங்குகிறது என்று எண்ணிக்கொண்டாள்.

நான்காம் நாள் மதியம், அருங்காட்சியகத்தின் பின்னறையில், கணினி தன் வேலையை முடித்திருந்தது. சுவர்கள் அழகாக வந்திருந்தன. வாள் உருவம் செதுக்கிய கல்லறைப் பலகையில் உளி இழுத்த கோடுகூடத் தெரிந்தது. வாசலருகே மட்டும் ஒரு சிதறல். சாம்பல் நிறப் புள்ளிகள், ஆள் உயரத்துக்கு, ஒரு தூண்போலத் திரண்டு நின்றன.

இத்தகைய சிதறல் எப்போதாவது வருவதுண்டு. வட்டமிட்டு அழித்துவிடுவார்கள். அவளும் அழித்தாள். வாசலின் ஒரு பகுதியும் சேர்ந்து அழிந்துபோகவே, கணினியை மறுபடியும் ஓடவிட்டுச் சற்று நேரம் வெளியே போய் நின்றாள்.

திரும்பி வந்தபோது சிதறலும் திரும்பி வந்திருந்தது. முன்னைவிடத் தெளிவாக.

இரண்டு கால்கள். சாலைப் பக்கம் பார்த்த உடம்பு. இடத்தோள் மட்டும் தாழ்ந்திருந்தது. முகம் இருக்க வேண்டிய இடம் கூழாங்கல்போல் மழமழவென்று இருந்தது.

வாசல் தெரிந்த படங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள்.

எதிலும் ஆள் இல்லை.

கம்பிகள். கம்பிகளுக்குப் பின்னால் கடல். அவ்வளவுதான்.

அப்படியானால் மூன்று நாளும் அங்கே அசையாமல் நின்றது எது...

அருங்காட்சியகத்தின் தலைவர் முர்டோ. எழுபதைத் தாண்டியவர், மீன் வியாபாரத்தை மகளிடம் விட்டுவிட்டு, வாயை மட்டும் தம்மிடமே வைத்துக்கொண்டவர். மாலைத் தேநீருக்கு அவர் வந்து உட்கார்ந்ததும் கிர்ஸ்டீன் மெல்லக் கேட்டாள்.

“முர்டோ, நான் படம் எடுத்தப்ப வாசல்ல யாராவது வந்து நின்னீங்களா?”

“நானா? அந்தக் குளிர்லயா? ஆயிரம் படம் எடுத்தியாமே டண்டீக்காரி. என் கல்யாணத்துக்கே நாலு படம்தான். அதுலயும் மூணுல கண்ணை மூடிட்டேன்.”

“அப்ப என் கம்ப்யூட்டர்ல நீங்க விழவே மாட்டீங்க. அசையாம நின்னாத்தான் விழும்.”

“வாசல்ல அசையாம நிக்கிறதா?” முர்டோ பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி சிரித்தார். “அது காவக்காரன் வேலை. உனக்குத் தெரியாதா? கடைசியா அடக்கமானவன்தான் தோட்டத்து வாசல்ல காவல் நிக்கணும். அடுத்தவன் வந்தாத்தான் அவனுக்கு விடுதலை. எங்க தாத்தா காலத்துல ஒரே நாள்ல ரெண்டு சாவு விழுந்துடுச்சு. பின்னால போனா நம்ம ஆள்தானே நிக்கணும்னு, ரெண்டு கூட்டமும் பெட்டியத் தோள்ல வெச்சுக்கிட்டு மேட்டுல ஓட்டம். வாசல்ல அடிதடி. பாதிரியாருக்குப் பல்லு போச்சு.”

கிர்ஸ்டீன் சிரித்துவிட்டாள். “இப்ப யார் நிக்கிறாங்க?”

“இப்பவா? தோட்டம்தான் நிறைஞ்சு போச்சே. பதினோரு வருஷமா எல்லாரையும் மலைமேல புதுத் தோட்டத்துக்குத்தான் கொண்டு போறோம். இங்கே கடைசியா வந்தது...”

முர்டோ நிறுத்திக்கொண்டார். அவர் நிறுத்தி அவள் பார்த்ததே இல்லை.

சமையலறைக் கதவு திறந்திருந்தது. அங்கிருந்து தேநீர்க் கெண்டியோடு டோலினா வந்தார். அருங்காட்சியகத்தைக் காலையில் திறப்பதும் மாலையில் பூட்டுவதும் வருபவர்களுக்குத் தேநீர் கொடுப்பதும் அவர்தான். அறுபத்தாறு வயது. கணவர் எப்போதோ பிரிந்து கனடா போய்விட்டார். தனியாக இருப்பவர்.

“லாக்கி,” என்றார் டோலினா. “என் பையன். இன்னும் கொஞ்சம் ஊத்தவா முர்டோ?”

முர்டோ கோப்பையை நீட்டினார்.

முர்டோ போன பிறகு டோலினா பின்னறை வாசலில் வந்து நின்றார். ஈரத் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை எப்போதோ உலர்ந்துவிட்டது.

“காட்டு,” என்றார்.

“எதை டோலினா?”

“நீ பார்த்ததை.”

கிர்ஸ்டீன் திரையைத் திருப்பினாள். டோலினா வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு ஒரு விரலை நீட்டி, தாழ்ந்திருந்த அந்தத் தோளைத் தொட்டார். திரையில் விரல் படும் மெல்லிய ஓசை கேட்டது.

“பதினாலு வயசுல ஷிண்டி மட்டையாட்டத்துல தோளை உடைச்சுக்கிட்டான். எலும்பு கோணலா ஒட்டிக்கிச்சு. சட்டை தைக்கிறப்ப ஒரு பக்கம் கூட்டித் தைக்கணும்.”

நண்டுக்கூடு போடப் போன படகு கவிழ்ந்து லாக்கி இறந்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. அதை முர்டோ முன்பே சொல்லியிருந்தார். டோலினா சொன்னது வேறு.

“இருட்டுன்னா அவனுக்கு ஆகாது பொண்ணே. ஆறடி உயரம் வளர்ந்த பிறகும் மாடிப்படி விளக்கை அணைக்க விடமாட்டான். சிநேகிதன் யார்கிட்டயும் சொல்லிடாதேம்மான்னு கெஞ்சுவான். நான் சொன்னதே இல்ல. இப்பத்தான் உன்கிட்டச் சொல்றேன்.” மூச்சை இழுத்து விட்டார். “பதினோரு வருஷம். நம்ம ஊர்க் குளிர்கால இருட்டு உனக்குத் தெரியும்ல?”

கிர்ஸ்டீன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். “இது புள்ளிச் சிதறலாக்கூட இருக்கலாம்,” என்றாள்.

“இருக்கலாம். அழிச்சுடாதே.”

மறுநாள் மாலை முதல், வெளிச்சம் போகும் வேளையில், டோலினா கையில் டார்ச் விளக்கோடு மேட்டுக்குப் போகத் தொடங்கினார். தலையில் மழைக்கு மாட்டும் பிளாஸ்டிக் தொப்பி, தாடைக்குக் கீழே முடிச்சு. வாசலுக்கு வெளியே நின்று, கையை முன்னால் நீட்டி, விளக்கைப் பிடித்துக்கொண்டிருப்பார். மின்கலம் தீர்ந்து வெளிச்சம் சிவக்கும்போது வீட்டுக்குத் திரும்புவார்.

அருங்காட்சியகத்தில் ஒரு மரப்பெட்டி இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் சாலையை அகலப்படுத்தியபோது, தோட்டத்து மதிலின் வடக்கு ஓரத்தில் கிடைத்த எலும்புகள் அதில் இருந்தன. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒரு குழந்தை. முன்பல் இரண்டும் விழுந்து, புதுப்பல் முளைக்காத வயது, ஆறு இருக்கலாம். ஆணா பெண்ணா என்று அந்த வயது எலும்பில் தெரியாது. ஊரார் ‘குட்டி’ என்றுதான் அழைத்தார்கள். அந்த மண்டையோட்டைக் கணினியில் பதிந்து, தசையும் தோலும் படரவிட்டு, கிர்ஸ்டீன் அதற்கு ஒரு முகம் கொடுத்திருந்தாள். பொக்கைவாய் தெரியாதபடி உதடு மூடிய, சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பது போன்ற முகம்.

டிசம்பரில் அருங்காட்சியகக் குழு கூடியது. டோலினா ஒருபோதும் குழுவில் பேசியவர் அல்லர். அன்று பேசினார்.

“குட்டியை அடக்கம் பண்ணிடணும். முகத்தைத்தான் கம்ப்யூட்டர்ல எடுத்தாச்சே. எலும்பு எதுக்கு இன்னும் பெட்டியில?”

“முகத்தைப் பார்க்க எவன் வருவான்? எலும்பைப் பார்க்கத்தான் பஸ் வெச்சு வர்றாங்க,” என்றார் முர்டோ.

“உன்னைப் பெட்டியில வெச்சா ரெண்டு பஸ் வரும்.”

எல்லோரும் சிரித்தார்கள். முர்டோவும் சிரித்தார். “சரி, உன் இஷ்டம். மலைமேல புதுத் தோட்டத்துல ஒரு நல்ல இடமாப் பார்த்து...”

“இல்ல. பழைய தோட்டத்துல. அது அங்கேருந்துதான் வந்தது.”

“அங்கேதான் இடமே இல்லையே டோலினா.”

“அரையடி மூலை போதும். குழந்தை எவ்வளவு இடம் எடுத்துக்கும்?”

மேசைக்கு அடியில் டோலினாவின் கைகள் தம் மேலங்கியின் நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தன. அது கிர்ஸ்டீனுக்கு மட்டும் தெரிந்தது. எதற்காக என்பதும் தெரிந்தது. சம்மதமானவர்கள் கை தூக்கலாம் என்று முர்டோ சொன்னபோது, முதலில் கை தூக்கியவள் அவள்தான்.

ஜனவரியில் குட்டியை அடக்கம் செய்தார்கள். நகராட்சி சிறப்பு அனுமதி கொடுத்திருந்தது. பெட்டியை முர்டோவே கையில் ஏந்திக்கொண்டு மேடேறினார். அன்று அவர் வாயிலிருந்து ஒரு வேடிக்கைப் பேச்சும் வரவில்லை. பாதிரியார் ஜெபம் சொன்னார். பள்ளிப் பிள்ளைகள் கிளிஞ்சல்களைக் குழிக்குள் போட்டார்கள். பனி தூறிக்கொண்டிருந்தது. எல்லோரும் இறங்கிப் போன பிறகு டோலினா வாசற்கதவை அகலத் திறந்து வைத்தார். யாரையும் பார்க்காமல் மெல்லச் சொன்னார்.

“வா லாக்கி. போதும். வீட்டுக்குப் போலாம்.”

அன்றிரவு அவர் வீட்டு மாடிப்படி விளக்கு விடியும்வரை எரிந்தது. தெருவில் எல்லோரும் பார்த்தார்கள்.

புதிய கல்லறையையும் உருவத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. அடுத்த வாரமே கிர்ஸ்டீன் படம் எடுக்கப் போனாள். இம்முறை எதுவும் கேட்காது என்று அவள் நம்பினாள். தன்னை அறியாமலே, டோலினா நம்பியதையெல்லாம் அவளும் நம்பத் தொடங்கியிருந்தாள்.

வெளிச்சம் மங்கியது.

டக்...

காத்திருந்தாள். விழும் ஓசை வரவில்லை.

கணினி உருவத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவள் அருகில் உட்காரவில்லை. எழுந்து நடந்தாள். சன்னலைப் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியாத நேரம் வந்ததும் வந்து பார்த்தாள்.

தாழ்ந்த தோள் அங்கேயே இருந்தது.

முன்னைவிட அதிகமாகத் தாழ்ந்திருந்தது. உடம்பு இப்போது சாலைப் பக்கம் திரும்பியிருக்கவில்லை. ஒரு பக்கமாகக் குனிந்திருந்தது. இடக்கை கீழே நீண்டிருந்தது.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு...

அவன் இடுப்புயரம்கூட இல்லாத இன்னோர் உருவம்.

“போயிட்டான்தானே?”

வாசலில் டோலினா. கையில் தேநீர்க் கோப்பை. கிர்ஸ்டீன் திரையை மூடப் பார்த்தாள். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

கோப்பையை மேசைமேல் சிந்தாமல் வைத்தார். நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

“கையைப் பிடிச்சிருக்கான்,” என்றார். பிறகு, “முட்டாப் பய. போடான்னா போகத் தெரியாதா அவனுக்கு?”

சன்னலுக்கு வெளியே நன்றாக இருட்டிவிட்டது. கிர்ஸ்டீன் விளக்கைப் போட எழவில்லை.

“எப்படிப் போவான்?” டோலினா தமக்குத்தாமே பேசுவதுபோல் தொடர்ந்தார். “ஆறு வயசுப் பிள்ளை. அந்த இருட்டு எப்படியிருக்கும்னு அவனுக்குத்தானே தெரியும். எனக்குத் தோணலியே அது. என் பிள்ளையை விடுவிக்க இன்னொருத்தி பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அதுக்கும் ஒருத்தி இருந்திருப்பால்ல? இத்தனை நூறு வருஷமா எங்கேயாவது நின்னு பார்த்துக்கிட்டு இருந்தா, என்னை என்னன்னு நினைப்பா?”

“நானும்தான் கை தூக்கினேன்,” என்றாள் கிர்ஸ்டீன்.

டோலினா அவள் தலையை ஒருமுறை தடவிக் கொடுத்தார். அவர் அழவில்லை. கிர்ஸ்டீன்தான் அழுதாள்.

அதன் பிறகு டோலினா இரண்டு டார்ச் எடுத்துக்கொண்டு போனார். ஒன்று தீர்ந்தால் இன்னொன்று. சில மாலைகளில் கிர்ஸ்டீனும் கூடப் போய் நிற்பாள். டோலினா விளக்கின் வெளிச்சத்தைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்திருப்பார், சின்ன உயரத்துக்கு. ஜூன் வந்தது. அந்த ஊரில் அப்போது இரவெல்லாம் வானம் வெளுத்தே இருக்கும். “இப்ப ரெண்டு பேருக்கும் பயமிருக்காது,” என்று டோலினா சொன்னார். அந்த ஒரு மாதம் மட்டும் அவர் முகம் தெளிந்திருந்தது.

பள்ளிப் பிள்ளைகள் கருவியை மாட்டிக்கொண்டு பழைய தேவாலயத்துக்குள் நடந்தார்கள். மெழுகுவத்தியை ஊதி அணைக்கப் பார்த்தார்கள். வாசலருகே இருந்த இரண்டு உருவங்களையும் கிர்ஸ்டீன் அழிக்கவில்லை. பிள்ளைகளின் கண்ணில் படாதபடி மறைத்து மட்டும் வைத்திருந்தாள்.

செப்டம்பரில் டோலினாவுக்கு இருமல் கண்டது. அக்டோபரில் மேடேற முடியாமல் பாதி வழியில் உட்கார்ந்தார். மருத்துவர் பார்த்துவிட்டு, இன்வர்னஸ் மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். முர்டோ தம் வண்டியில் ஏற்றிக்கொண்டார். கிளம்பும்போது டோலினா சன்னல் கண்ணாடியை இறக்கிக் கிர்ஸ்டீனை அழைத்தார். மடியில் ஒரு டார்ச் இருந்தது.

“ஆஸ்பத்திரிக்கு டார்ச் எதுக்குன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன், பதிலே சொல்லமாட்டேங்கிறா,” என்றார் முர்டோ.

டோலினா அவரைக் கண்டுகொள்ளவில்லை. “நான் இல்லாதப்ப நீ இருட்டுல மேட்டுக்குப் போகாதே பொண்ணே. வழுக்கும். நானே சீக்கிரம் வந்துடுவேன்.”

குணமாகி வருவதைச் சொல்கிறார் என்றுதான் கிர்ஸ்டீன் நினைத்தாள்.

நவம்பரில் ஒரு புயல், வாசலருகே நின்ற கிழ மரத்தைச் சாய்த்துவிட்டது. மரத்தை வெட்டி அகற்றியதும் வாசலை மட்டும் மறுபடி படமெடுக்க வேண்டியிருந்தது. அவளுடைய ஒப்பந்தத்தில் அதுவே கடைசி வேலை. புயலுக்குப் பிந்திய நாள். காற்றே இல்லை. ஊரின் புகைபோக்கிகளிலிருந்து புகை நூல் பிடித்தாற்போல் நேராக ஏறிக்கொண்டிருந்தது. உச்சி சாய்ந்து வெகுநேரம் ஆகவில்லை, நல்ல வெயில். தாழ்ப்பாள் ஓசை வரும் வேளை அதுவன்று. அதனால் அவளுக்குப் பயமும் இல்லை. மதிலை ஒட்டி நின்று, குனிந்து, படமெடுத்துக்கொண்டிருந்தாள்.

டக்...

நிமிர்ந்தாள்.

கிரீச்...

கதவு திறந்தது. மெதுவாக. ஓர் ஆள் நுழையும் அளவுக்கு.

காற்று இல்லை. புகை நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கதவு அப்படியே நின்றது. வழிவிட்டு ஒருவர் பிடித்துக்கொண்டிருப்பதுபோல்.

பிறகு சரளைக்கல்லில் காலடி.

ஒன்று நீளமானது. நிதானமானது.

ஒன்று... குட்டியானது. ஓட்டமும் நடையுமாக.

அவளைக் கடந்தது. சாலைப் பக்கம் இறங்கியது. தேய்ந்தது.

கதவு மூடியது.

டக்.

தாழ்ப்பாள் விழுந்தது. ஓராண்டில் முதன்முறையாக.

கிர்ஸ்டீனின் விரல் கேமராவை அழுத்திக்கொண்டே இருந்தது. எடுக்க வேண்டும் என்று எடுத்ததன்று. விரலை எடுக்க முடியவில்லை. பிறகு எப்படிச் சுற்றை முடித்தாள், எப்படிக் கீழே இறங்கினாள் என்பது அவளுக்கு நினைவில்லை. மழை நாளில் ஓடி வந்தவள்போல் நனைந்திருந்தாள். வியர்வை.

அன்று மாலை கணினி வாசலைக் கட்டி முடித்தது.

லாக்கி இல்லை. குட்டி இல்லை.

வேறொருவர் நின்றார்.

குட்டையான உருவம். தலையில் தொப்பி. தாடைக்குக் கீழே முடிச்சு. ஒரு கை முன்னால் நீண்டு எதையோ பிடித்திருந்தது.

கிர்ஸ்டீன் முர்டோவைத் தொலைபேசியில் அழைத்தாள். வேடிக்கையாகத்தான் பேச நினைத்தாள்.

“முர்டோ, டோலினா எப்ப ஊருக்கு வந்தாங்க? சொல்லாம கொள்ளாம என் படத்துல வந்து நிக்கிறாங்க.”

மறுமுனையில் ஒரு நாற்காலி இழுபடும் ஓசை.

“முர்டோ?”

“நான் அவளைப் பார்க்க வந்து இன்வர்னஸ்லதான் இருக்கேன் பொண்ணே. டோலினா போயிட்டா. மத்தியானம் ஒண்ணரைக்கு. நான் பக்கத்துலதான் இருந்தேன்.” அவர் மூக்கை உறிஞ்சினார். “டார்ச்சை விடவே இல்ல. கையிலேருந்து நான்தான் எடுத்தேன்.”

ஊர் வழக்கப்படி, அடக்கம் ஆன பிறகுதான் காவல் மாறும். டோலினாவை அடக்கம் செய்தது ஐந்து நாள் கழித்து. அந்த ஐந்து நாள்கூட அவர் பொறுத்திருக்கவில்லை.

லாக்கியின் குழியிலேயே, அவனுக்கு மேலே, தாய்க்கென்று விட்டிருந்த இடத்தில் டோலினாவை வைத்தார்கள். வந்தவர்கள் இறங்கிப் போனார்கள். முர்டோ கடைசியாகப் போனார். கிர்ஸ்டீனின் தோளைத் தட்டிவிட்டு இறங்கினார். குழி மூடும் டூகல் மட்டும் மண்ணைத் தட்டிச் சமன் செய்துகொண்டிருந்தான். நகராட்சி வேலையாள். ஊரின் எல்லாக் குழிகளும் அவன் வெட்டியவை.

“இதோட முடிஞ்சுதும்மா,” என்றான். “இங்கே இதுதான் கடைசிக் குழி. அந்தக் குட்டிக்குக் கிடைச்ச மூலைகூட இனி கிடையாது. இந்தத் தோட்டத்துக்கு இனிமே யாரும் வரப் போறதில்ல.”

அடுத்தவர் வந்தால்தான் விடுதலை. அடுத்தவர் இல்லை என்றால்...

“டோலினாவுக்கு அது தெரியுமா டூகல்?”

“தெரியாம என்ன? குட்டியை அடக்கம் பண்ணின மறுவாரம் என் வீட்டுக்கே வந்து கேட்டாங்க. எனக்கப்புறம் இங்கே யாராவது வருவாங்களா டூகல்னு. ஒருத்தரும் வரமாட்டாங்கன்னேன். நிச்சயமாத்தான் சொல்றியான்னு திரும்பக் கேட்டாங்க. நிச்சயம்னேன்.” மண்வெட்டியைப் புல்லில் துடைத்தான். “‘அப்ப நல்லதாப் போச்சு. இனிமே யாரோட பிள்ளையும் நிக்க வேண்டியதில்ல’ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாங்க. எனக்கு ஒண்ணும் விளங்கல. உனக்கு விளங்குதா?”

டூகல் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, மதிலின் உடைந்த பக்கத்தைத் தாண்டிக் குறுக்கு வழியில் இறங்கிப் போனான்.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கடலின் இரைச்சல். ஈரப் புல்லின் வாடை. கிர்ஸ்டீன் வாசலைப் பார்த்தபடியே நின்றாள்.

டக்...

விழும் ஓசைக்காகக் காத்திருந்தாள்.

நன்றாக இருட்டும்வரை காத்திருந்தாள்.